தொட்டியைப் பார்த்துத்தான் பக்கற் வாங்க வேண்டும்

(வாசகர் கேள்வி–பதில்: வீட்டு மிருகங்களும் தீனும்)

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான். வத்தளையில் இருந்து சிலாபம் வரை பன்றிக் கொட்டில் வைத்திருப்போரிடம், தீன் சமிக்க உதவும் நொதியப் பவுடர்ப் பக்கற் விற்க ஆட்கள் திரிகிறார்கள் போலிருக்கிறது. கோழிக்குஞ்சுக் கேள்விகளையும் கறவை மாட்டுக் கேள்விகளையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். அனுப்பியவர்கள் கோபிக்க வேண்டாம்.

கேள்வி: மிஸ், என்னிடம் நாற்பது பன்றிகள் நிற்கின்றன. தீனை நானே கலக்கிறேன். ரைஸ் பொலிஷ் (அரிசி தீட்டும்போது வரும் நுண்ணிய தவிடு) அரைவாசி, தேங்காய்ப் புண்ணாக்கு கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு, மிச்சம் சோளமும் சோயாவும் கொஞ்சம் கருவாட்டுத் தூளும். ஒருவர் வந்து ஏழு நொதியம் சேர்ந்தது என்று ஒரு பக்கற்றைக் காட்டினார். தீன் செலவில் நாலில் ஒரு பங்கு மிச்சமாகுமாம். வாங்கலாமா? (ஜா-எல வாசகர்)

நாலில் ஒரு பங்கு மிச்சமாகாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தீனுக்குப் பொருந்திய நொதியத்தைச் சரியான அளவில் போட்டால் பன்றியில் கிடைப்பது நூற்றுக்குச் சில பங்குதான். நூற்றுக்கு மூன்று என்று வைத்துக் கணக்குப் பாருங்கள். 30 கிலோக் குட்டியை 100 கிலோ ஆக்க, ஒரு கிலோ எடைக்கு மூன்று கிலோ தீன் என்றால் 210 கிலோ தீன் போகும். அதில் நூற்றுக்கு மூன்று, ஆறு கிலோச் சொச்சம். அந்த ஆறு கிலோத் தீனின் விலையை ஒரு பக்கம் எழுதுங்கள். அதே 200 கிலோத் தீனுக்குள் போகும் பவுடரின் விலையை மறுபக்கம் எழுதுங்கள். வந்தவரைப் பக்கத்தில் இருத்தி வைத்துக்கொண்டு எழுதினால் இன்னும் நல்லது.

அடுத்தது, பக்கற்றின் பின்பக்கம். ஒரு நொதியம் ஒரு வகைப் பொருளைத்தான் வெட்டும். அந்தப் பொருள் உங்கள் தீன் தொட்டியில் இல்லாவிட்டால் அதற்கு அங்கே வேலையில்லை. பீட்டா-குளூக்கனேஸ் என்று போட்டிருக்கும். அது பார்லி, ஓட்ஸ் போடும் நாடுகளுக்கு. நம் தீனுக்கு அது மொட்டைத் தலைக்குச் சீப்பு. மாப்பொருளை வெட்டும் அமிலேசும் புரதத்தை வெட்டும் புரோட்டியேசும் வளர்ந்த பன்றியின் குடலிலேயே தாராளமாகச் சுரக்கின்றன. பால் மறந்த கையோடு இருக்கும் குட்டிக்கு வேண்டுமானால் ஓரளவு உதவும். தானிய நாரை வெட்டும் சைலனேஸ் கோதுமைக்கும் கோதுமைத் தவிட்டுக்கும் நன்றாக வேலை செய்யும். திருகோணமலை மா ஆலைத் தவிடு மலிவாகக் கிடைத்து அதை நிறையப் போடுகிறவர்கள் யோசிக்கலாம். அரிசித் தவிட்டிலும் அதே வகை நார் உண்டு. ஆனால் அது தண்ணீரில் கரையாதது, லிக்னின் என்ற மரப்பொருளோடு இறுகிக் கிடப்பது. சைலனேஸ் அதை லேசில் அசைக்காது.

உங்கள் தொட்டிக்கு உரியவை இரண்டுதான். ஒன்று ஃபைட்டேஸ். ரைஸ் பொலிஷில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் பொசுபரசு இருக்கிறது. கேட்க நிறையத்தான். ஆனால் அதில் பத்தில் எட்டுப் பங்கு ஃபைட்டேற் என்ற கட்டுக்குள் கிடக்கிறது. பன்றியின் குடலில் அந்தக் கட்டை அவிழ்க்கும் நொதியம் இல்லை என்றே சொல்லலாம். அதனால் பொசுபரசு அப்படியே சாணத்தோடு வெளியே போகிறது. நீங்கள் பொசுபரசுக்காக டிசிபி (டைகல்சியம் பொஸ்பேற்) தூளைக் காசு கொடுத்து வாங்கிப் போடுகிறீர்கள். ஃபைட்டேஸ் பன்றியின் இரைப்பையில், அந்த அமிலத்துக்குள் நின்று கட்டை அவிழ்க்கிறது. மற்றது மன்னனேஸ். தேங்காய்ப் புண்ணாக்கின் நாரில் பெரும்பகுதி மன்னன் (mannan) என்ற நார்ப்பொருள். புண்ணாக்கை இவ்வளவு போடுகிற உங்களைப் போன்றவர்களுக்குத்தான் அந்த நொதியம். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். புண்ணாக்கில் லைசீன் என்ற அமினோ அமிலம் குறைவு. எந்த நொதியமும் இல்லாத லைசீனை உண்டாக்கித் தராது. அது சோயாவில் இருந்தும் மீனில் இருந்தும்தான் வர வேண்டும். பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கின் நஞ்சையும் இந்த நொதியங்கள் எடுக்காது.

இனி நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன். தீனில் அரைவாசி ரைஸ் பொலிஷ் என்பது கூடுதல். வளரும் பன்றிக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பாருங்கள். அந்தப் பொலிஷ் உண்மையில் பொலிஷ்தானா என்பதையும் பார்க்க வேண்டும். அரிசி ஆலைகள் நிறைந்த மரந்தகஹமுல பக்கம் இருந்து வரும் மூட்டைகளில் நல்லதும் உண்டு, உமியை அரைத்துச் சேர்த்ததும் உண்டு. நான் தீன் ஆலையில் தரம் பார்த்த காலத்தில் ஒவ்வொரு லொறிக்கும் ஒரு சோதனை செய்வோம். வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு சிட்டிகைப் பொலிஷைப் பரப்பி, மேலே ஃபுளோரோகுளூசினோல் கரைசலும் அமிலமும் நாலைந்து சொட்டு விடுவது. சில நிமிடத்தில் உமித் துணுக்குகள் மட்டும் ஒவ்வொன்றாகச் சிவக்கும். நல்ல பொலிஷில் அங்கொன்று இங்கொன்றாகச் சிவப்புப் புள்ளி தெரியும். கலப்பட மூட்டை என்றால் தட்டு முழுக்கக் குங்குமம் சிந்திய மாதிரி ஆகிவிடும். லொறிக்காரர் அதைப் பார்த்ததும் விலை பேசுவதை நிறுத்திவிடுவார்.

உங்களிடம் அந்தக் கரைசல் இருக்காது. பரவாயில்லை. ஒரு கைப்பிடியைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கிச் சற்று விடுங்கள். உமி மேலே மிதந்து நிற்கும். விரலிடுக்கில் தேய்த்துப் பாருங்கள். நல்ல பொலிஷ் எண்ணெய்ப் பிடிப்போடு வழுக்கும், உமி சுரசுரக்கும். உமியில் இருப்பது லிக்னினும் சிலிக்காவும். அதைச் சமிக்க வைக்கும் பவுடரை எவரும் விற்கவில்லை. இன்னொன்று, பச்சையரிசிப் பொலிஷ் அரைத்த சில நாளிலேயே காறல் அடிக்கத் தொடங்கும். அதற்குள்ளேயே இருக்கும் கொழுப்பை வெட்டும் நொதியத்தின் வேலை அது. மூட்டைக்குள் கையை விட்டால் சூடு தெரியும். புழுங்கலரிசிப் பொலிஷ் அவிக்கும்போதே அந்த நொதியத்தை இழந்துவிடுவதால் கூடுதல் நாள் தாங்கும். பொலிஷை மாதக் கணக்குக்கு வாங்கி அடுக்காமல் கிழமைக் கணக்குக்கு வாங்குங்கள். இவ்வளவும் சரியான பிறகு ஃபைட்டேஸ் தனியாகவும் மன்னனேஸ் தனியாகவும் விலை கேளுங்கள். ஏழு வேண்டாம்.

கேள்வி: பக்கற்றில் கிராமுக்கு 5000 அலகு என்று இருக்கிறது. நான் ஒரு தரத்தில் 100 கிலோத் தீன்தான் கலக்கிறேன். எவ்வளவு போட வேண்டும்? (ராகம வாசகர்)

ஃபைட்டேஸ் என்றால் வழக்கமான அளவு ஒரு கிலோத் தீனுக்கு 500 அலகு. உங்கள் பவுடரில் அது 100 கிலோவுக்கு 10 கிராம். சமையலறைத் தராசில் நிறுக்கலாம், கரண்டிக் கணக்கு வேண்டாம். அந்தப் பத்துக் கிராமை நேரே குவியலில் தூவினால் சில பன்றிக்கு எல்லாம் கிடைக்கும், சிலதுக்கு ஒன்றுமே கிடையாது. முதலில் ஒரு கிலோ சோளமாவோடு கலவுங்கள். அதைப் பத்துக் கிலோத் தீனோடு கலவுங்கள். பிறகு முழுவதோடும் சேருங்கள். வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு கலவுங்கள். நொதியத் தூசு சுவாசப் பைக்குள் போய்ப் போய் இழுப்பு வந்தவர்கள் உண்டு. திறந்த பக்கற்றைத் தகரக் கூரைக்குக் கீழே தட்டில் வைக்காதீர்கள். சூடும் ஈரமும் சேர்ந்தால் சில மாதத்தில் அது வெறும் மாவு. கனியுப்புக் கலவையோடும் கோலீன் என்ற சத்துத் தூளோடும் முன்கூட்டியே கலந்து வைப்பதும் அதைக் கெடுக்கும்.

கேள்வி: ஃபைட்டேஸ் போட்டால் டிசிபி தேவையில்லை என்றார்கள். 100 கிலோத் தீனுக்கு ஒன்றரைக் கிலோ போட்டு வந்ததை முற்றாக நிறுத்தினேன். கல்சியம் குறையுமே என்று சிப்பித்தூளை நாலு கிலோவாக்கினேன். இப்போது இரண்டு தாய்ப்பன்றிகள், குட்டியைப் பிரித்த கையோடு, பின்னங்காலை இழுத்து நடக்கின்றன. ஒன்று எழும்பவே மறுக்கிறது. (சிலாபம் வாசகி)

தங்கச்சி, இந்த இதழ் கைக்கு வரும்வரை காத்திருக்காமல் உங்கள் பிரதேச மிருக வைத்தியரைக் கூப்பிட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் இன்றைக்கே கூப்பிடுங்கள். கால் இழுப்பதற்கு வழுக்கும் சீமெந்துத் தரை, குளம்புப் புண், மூட்டு வீக்கம் என்று வேறு காரணங்களும் உண்டு. அவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எழும்பாததை ஈரமில்லாத இடத்தில் வைக்கோல் போட்டுக் கிடத்தி, தண்ணீரையும் தீனையும் வாய்க்கு எட்ட வையுங்கள்.

ஆனால் நீங்கள் எழுதிய கணக்கே பாதிக் கதையைச் சொல்கிறது. ஒரு கிலோத் தீனுக்கு 500 அலகு ஃபைட்டேஸ் விடுவிப்பது கிட்டத்தட்ட ஒரு கிராம் பொசுபரசு. டிசிபியில் நூற்றுக்குப் பதினெட்டு அளவில் பொசுபரசு இருக்கிறது. ஆகவே 100 கிலோத் தீனில் அரைக் கிலோ டிசிபியைத்தான் ஃபைட்டேஸ் ஈடு செய்யும். ஒன்றரைக் கிலோவை நிறுத்தினால் ஒரு கிலோ பள்ளம். பால் கொடுக்கும் தாய்க்கு அந்தப் பள்ளத்தை நிரப்பத் தன் எலும்புதான் இருக்கிறது. பத்துக் குட்டிக்குப் பால் கொடுத்து முடிகிற நேரத்தில் இடுப்பும் பின்னங்காலும் விட்டுக்கொடுப்பது அதனால்தான்.

சிப்பித்தூள் அதற்கு மேல் ஒரு கேடு. நாலு கிலோச் சிப்பித்தூள் என்றால் தீனில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கல்சியம். பால் கொடுக்கும் பன்றிக்குக்கூட ஒரு பங்கு தேவையில்லை. மிஞ்சிய கல்சியம் குடலில் ஃபைட்டேற்றைப் பிடித்துக் கரையாத கல்லாக்கிவிடும். இரைப்பையின் அமிலத்தையும் அது குடித்துவிடும். காசு கொடுத்து வாங்கிய ஃபைட்டேஸ் வேலை செய்ய இடமே இருக்காது. ஃபைட்டேஸ் போடும் தீனில் மொத்தக் கல்சியம் மொத்தப் பொசுபரசுக்குச் சமனாக, அல்லது கால்பங்கு கூடுதலாக இருந்தால் போதும். தாய்ப்பன்றித் தீனில் ஒரு கிலோ டிசிபியைத் திரும்பச் சேருங்கள். சிப்பித்தூளை ஒன்றரைக் கிலோவுக்குள் கொண்டு வாருங்கள். சினைப்பன்றிக்கும் பால் கொடுப்பதற்கும் ஒரு கலவை, வளரும் பன்றிக்கு இன்னொரு கலவை என்று பிரித்து வையுங்கள். ஒரே குவியலில் இருந்து எல்லாவற்றுக்கும் அள்ளிப் போடுவது நம்மூரில் பெரிய வியாதி.

கேள்வி: கொழும்பு ஹோட்டல் இரண்டில் இருந்து மிச்சச் சாப்பாடு எடுக்கிறோம். பெரிய பீப்பாயில் அவிக்கும்போதே நொதியப் பவுடரைப் போட்டால் நன்றாகக் கரைந்து சேரும்தானே? (ஹெந்தளை வாசகர்)

கரையும், சேரும், செத்தும் போகும். நொதியம் ஒரு புரதம். கொதியில் முட்டை வெள்ளை இறுகுவது போல அதுவும் உருக்குலைந்துவிடும்.

சரி, ஆறிய பிறகு போடலாமா என்று கேட்பீர்கள். போட்டாலும் பெரிய பலன் இல்லை. அவிந்த சோறும் பாணும் ஏற்கனவே இலகுவாகச் சமிக்கும் மாப்பொருள். அங்கே குறைவது புரதம். கூடுவது தண்ணீரும் உப்பும் எண்ணெயும். பவுடர்க் காசுக்குச் சோயா வாங்குங்கள்.

அவிப்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் குறைக்காதீர்கள். 2024 ஒக்டோபரில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இந்த நாட்டில் முதன்முதலாக உறுதிப்பட்டபோது மேல் மாகாணக் கொட்டில்கள் வெறுமையானதை நீங்கள் என்னைவிடக் கிட்ட நின்று பார்த்திருப்பீர்கள். மனிதருக்கு அது தொற்றாது, ஆனால் பன்றிக்கு மருந்தில்லை. ஹோட்டல் மிச்சத்தில் ஒரு துண்டுப் பன்றி இறைச்சி வந்தாலே போதும். உலக விலங்கு சுகாதார அமைப்பு சொல்லும் அளவு, குறைந்தது 90 பாகை செல்சியஸில் ஒரு மணித்தியாலம், விடாமல் கிளறிக்கொண்டு. மேலே நுரை தள்ளியதும் விறகை இழுத்துவிடுவது அவிப்பு ஆகாது. பீப்பாயின் நடுவில் கட்டியாக நிற்கும் சோற்றுக்குள் சூடு போயிருக்காது. அவிக்காத வாளியையும் அவித்த வாளியையும் வேறு வேறு நிறத்தில் வைத்திருங்கள்.

கேள்வி: நத்தாருக்குப் பன்றி இறைச்சி வாங்குகிற இடத்தில், இப்போது எல்லாம் நொதியம் போட்டு வளர்த்தது என்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? ஹோர்மோன் மாதிரி ஏதாவதா? (கொட்டாஞ்சேனை வாசகி)

கொடுக்கலாம் அக்கா. ஹோர்மோனும் இல்லை, அன்ரிபயோட்டிக்கும் இல்லை. பூஞ்சணத்தையோ பற்றீரியாவையோ தொட்டியில் வளர்த்து எடுக்கும் புரதம். பன்றியின் குடலில் தன் வேலையை முடித்துவிட்டு மற்றப் புரதத்தைப் போல அதுவும் சமித்துப்போகும். இறைச்சிக்கு வந்து சேராது. பாண் மாவிலும் அமிலேஸ், சைலனேஸ் சேர்ப்பது உலகம் முழுக்க நடப்பதுதான். இறைச்சியை நன்றாக அவியுங்கள். அதுதான் பிள்ளைகளுக்கு முக்கியம்.

கேள்வி: விவசாய பீடத்தில் படிக்கிறேன். கோழியில் சைலனேசுக்குப் பெரிய பலன் காட்டுகிறார்கள். பன்றி ஆய்வுகளில் அதே நொதியம் சில வேளை பலன் தருகிறது, சில வேளை ஒன்றும் இல்லை. ஏன்? (வெள்ளவத்தை மாணவர்)

நல்ல கேள்வி, தம்பி. கோதுமை, பார்லித் தீனில் கரையும் நார் கோழிக் குடலைப் பசை மாதிரி ஆக்கிவிடும். கோழிக்குத் தீன் சில மணித்தியாலத்திலேயே குடலைக் கடந்துவிடும். அந்தப் பசைக்குள் சிக்கிய கொழுப்பையும் புரதத்தையும் உறிஞ்ச அதற்கு நேரமில்லை. சைலனேஸ் பசையை உடைத்ததும் வித்தியாசம் உடனே தெரிகிறது, எச்சம் இறுகுவதே கண்ணுக்குத் தெரியும். பன்றியின் குடலில் தண்ணீர் கூட, பசை குறைவு. தீன் உள்ளே நிற்கும் நேரமும் ஒரு நாளுக்குக் கிட்ட அல்லது மேலே. சிறுகுடல் விட்டதைப் பெருங்குடலில் பற்றீரியாக்கள் நொதிக்க வைத்துக் கொழுப்பமிலமாகப் பன்றிக்குத் திருப்பித் தருகின்றன. ஆகவே நொதியம் செய்வதில் ஒரு பகுதி, பின்னால் நடக்கவிருந்ததை முன்னால் நடத்துவதுதான். முன்னால் நடந்தால் சக்தி கூடக் கிடைக்கும், ஆனால் கோழியில் தெரிகிற அளவுக்குத் தெரியாது. ஆய்வுகளைப் படிக்கும்போது அடித்தீன் சோளமா, கோதுமையா, அரிசித் தவிடா என்று முதலில் பாருங்கள். முடிவுப் பகுதி பிறகு.

ஃபைட்டேஸ் கதை வேறு. அது பன்றியிலும் உறுதியாக வேலை செய்யும். 1991இல் அது வியாபாரத்துக்கு வந்ததே நெதர்லாந்தின் பன்றிச் சாணப் பொசுபரசு நிலத்தடி நீரையும் வாய்க்கால்களையும் கெடுத்ததனால்தான். டிசிபியையும் அளவோடு குறைத்தால் சாணத்தில் போகும் பொசுபரசு மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். முத்துராஜவெல சதுப்பின் ஓரமாகக் கொட்டில்களின் கழிவு வாய்க்காலில் இறங்குவதையும், அந்த இடத்தில் நீர்த்தாவரம் தடித்துக் கிடப்பதையும் நீங்கள் போய்ப் பார்க்கலாம். ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள் என்றால் அங்கே இருக்கிறது.

கேள்வி: பெலற் (தீன் குளிகை) அடிக்கும் மெஷின் ஒன்று எடுத்திருக்கிறேன். நொதியம் தாங்குமா? (நீர்கொழும்பு வாசகர்)

ஆவி கொடுத்து அடிக்கும் பெரிய மெஷினில் தீன் 80, 90 பாகைக்குப் போகும். சாதாரண பவுடர் அதில் நிற்காது. மேலே பூச்சுப் பூசியதை, சூடு தாங்கும் என்று பக்கற்றில் பாகையோடு எழுதியதை வாங்குங்கள். இல்லையென்றால் திரவ நொதியத்தை ஆறிய பெலற்றின் மேல் தெளிப்பது வழக்கம். உங்களுடையது ஆவியில்லாத சிறிய மெஷின் என்று நினைக்கிறேன். வெளியே வரும் பெலற் குவியலுக்குள் வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். அந்த எண்ணைச் சொல்லித்தான் கடையில் கேட்க வேண்டும்.

கேள்வி: பப்பாசிப் பால் இறைச்சியையே கரைக்கிறதே, அதைத் தீனில் விட்டால் என்ன? எனக்கு டொக்டர் தந்த சமிபாட்டு மாத்திரையும் மிச்சம் கிடக்கிறது. (மட்டக்குளி வாசகர்)

பப்பாசிப் பாலில் உள்ள பப்பேன் நல்ல புரோட்டியேஸ்தான். பிரித்தானியர் காலத்தில் இலங்கை அதை உலர்த்திப் பெருமளவில் ஏற்றுமதி செய்தது. பியரைத் தெளிய வைக்கவும் இறைச்சியை மெதுவாக்கவும் வாங்கினார்கள். ஆனால் பச்சைப் பால் கையையும் பன்றியின் வாயையும் புண்ணாக்கும், ஒரு காய்க்கும் மறு காய்க்கும் அதன் வீரியமும் மாறும். விற்காமல் மிஞ்சிய பப்பாசிப் பழத்தைத் தாராளமாகப் போடுங்கள், பழமாக. மாத்திரை பாங்கிரியாட்டின் என்றால் அது பன்றியின் கணையத்தில் இருந்து எடுத்தது. பன்றியிடம் அது ஏற்கனவே இருக்கிறது. நீங்களே சாப்பிட்டு முடியுங்கள்.

கேள்வி: சாணத்தில் சோளம் துண்டு துண்டாக வருகிறது. எந்த நொதியம் போடலாம்? (வென்னப்புவ வாசகர்)

ஒன்றும் வேண்டாம். அரைக்கும் மில்லின் சல்லடை எத்தனை மில்லிமீற்றர் என்று பாருங்கள். 6 என்றால் 3 ஆக்குங்கள். சுத்தியல் தகடுகள் தேய்ந்து முனை உருண்டிருந்தால் திருப்பிப் போடுங்கள், அல்லது மாற்றுங்கள். அதற்காகப் பௌடராகவும் அரைக்காதீர்கள், இரைப்பையில் புண் வரும். ஒரு கிழமை கழித்து, ஒரு கைப்பிடிச் சாணத்தைச் சல்லடையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பாருங்கள். சோளம் அப்போதும் தெரிந்தால் மறுபடி எழுதுங்கள், சோளம் எங்கே வாங்குகிறீர்கள் என்பதையும் சேர்த்து.